டயரை உரசும் கறுப்பு பிளாஸ்டிக்

தீபாவளிக்கு இன்னும் இரண்டு நாள். காரில் நாங்கள் ஐந்து பேர். பின்னால் முறுக்கு டின்கள், துணிப் பைகள், அம்மாவுக்கு வாங்கிய கிரைண்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்குப் புறப்பட்டோம். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் முன்பக்கத்து இடது சக்கரத்தின் பக்கமிருந்து 'சர்ர்ர்' என்று ஒரு சத்தம். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடும். 100-ஐத் தொட்டால் திரும்பவும் வரும்.

"ரோட்டுச் சத்தம்தான்" என்று சொல்லி வானொலியைச் சற்று உரக்க வைத்தேன். வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் இருந்த தங்கைதான், மடியில் கைக்குழந்தையோடு, "என்னமோ தீயிற மாதிரி வாடை வருதுண்ணே" என்றாள்.

தாப்பா ஓய்வுத்தளத்தில் நிறுத்திப் பார்த்தேன். பம்பருக்குப் பின்னால் இருந்த கறுப்பு பிளாஸ்டிக் தகடு கழன்று, டயரின் மேல் சாய்ந்து கிடந்தது. அதன் ஓரம் உருகிச் சுருண்டிருந்தது. அந்த மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த சிறிய உலோகப் பிடி ஒன்று, டயரின் தோள் பகுதியில் வட்டமாகக் கோடு போட்டிருந்தது. விரல் நகத்தை வைத்தேன். நகம் உள்ளே இறங்கியது.

டயரை மாற்றினோம். தொங்கிய பிளாஸ்டிக்கை ஒயர் கட்டும் நைலான் பட்டையால் தூக்கிக் கட்டினோம். வேகம் 80-ஐத் தாண்டாமல் ஈப்போ போய்ச் சேர்ந்தோம். இன்னும் ஐம்பது கிலோமீட்டர் அப்படியே ஓட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை. பெருநாள் காலத்தில் பலரும் நெடுந்தூரம் காரோட்டுவதால், இந்தச் சின்னத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அந்தத் தகடு எதற்கு?

சக்கரத்துக்கு மேலே, வண்டியின் உடம்புக்கும் டயருக்கும் நடுவில் கூரைபோல் வளைந்திருக்கும் தகடு இது. பட்டறைகளில் 'ஃபெண்டர் லைனர்' அல்லது 'இன்னர் ஃபெண்டர்' என்பார்கள். பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. இரண்டு மில்லிமீட்டர் அளவு தடிமன்தான் இருக்கும். புதிய கார்கள் சிலவற்றில் சத்தத்தைக் குறைப்பதற்காகக் கம்பளம்போன்ற நார் லைனரைப் போடுகிறார்கள்.

ஓடும் டயர் கல், மண், சேறு, மழைநீர் எல்லாவற்றையும் வாரி இறைக்கிறது. லைனர் அவற்றைத் தடுக்கிறது. அது இல்லாவிட்டால் தண்ணீர் நேராக இன்ஜின் அறைக்குள் போகும். விளக்குகளின் பின்பக்கத்து ஒயர் இணைப்புகள், பெல்ட், மின்னாக்கி ஆகியவை நனையும். ஃபெண்டரின் உள்மடிப்புகளில் சேறு தங்கித் துருப்பிடிக்கும். சில கார்களில் இன்ஜினுக்குக் காற்று இழுக்கும் குழாயின் வாய் ஃபெண்டருக்குள்தான் இருக்கிறது. லைனர் இல்லாமல் திடீர் வெள்ளத்தில் இறங்கினால், அந்த வாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போகலாம். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அப்படி அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் மோதினால் அதைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும்.

ஆகவே, "உரசுகிறதா? அறுத்து எறிந்துவிடு" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

காற்றின் கணக்கு

என் காரில் வேகம் கூடினால் மட்டும் சத்தம் வந்தது ஏன்? லைனரின் முன் ஓரம் பம்பரோடு சேரும் இடத்தில் கிளிப் கழன்றுவிட்டால், எதிர்க்காற்று அந்த இடுக்கில் புகுந்து தகட்டைப் பின்னால் தள்ளுகிறது. நம் நெடுஞ்சாலையின் உச்ச வேகமான 110 கிலோமீட்டரில், ஒரு ஏ4 தாள் அளவுள்ள பரப்பின்மீது காற்று தரும் அழுத்தம் சுமார் மூன்றரைக் கிலோ எடைக்குச் சமம். கிளிப் இல்லாத மெல்லிய பிளாஸ்டிக் இதைத் தாங்காது. வளைந்து டயரைத் தொடும்.

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். வேகம் பாதியானால் அழுத்தம் நாலில் ஒரு பங்காகிவிடும். 55 கிலோமீட்டரில் அதே பரப்பின்மீது ஒரு கிலோகூட இருக்காது. அதனால்தான் பட்டணத்துக்குள் ஓட்டும்போது ஒரு சத்தமும் இல்லாத கார், நெடுஞ்சாலையில் ஏறியதும் கத்த ஆரம்பிக்கிறது.

வெயிலின் கணக்கு

பிளாஸ்டிக் வெப்பத்தில் விரிவடையும் அளவு இரும்பைவிடப் பல மடங்கு அதிகம். காலையில் 25 டிகிரியில் இருந்த ஒரு மீட்டர் நீள பாலிபுரொப்பிலீன், தார்ச்சாலைச் சூட்டிலும் இன்ஜின் சூட்டிலும் 60 டிகிரியை எட்டினால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் நீளும். அதே நீள இரும்பு அரை மில்லிமீட்டர்கூட நீளாது. லைனரின் துளைகளில் சில வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அது தகடு நகர்ந்துகொள்வதற்காக விட்ட இடம்.

இது தெரியாமல் எல்லாத் துளைகளிலும் திருகாணியைப் போட்டு இறுக்கிவிட்டால், நீளும் தகட்டுக்குப் போக இடமில்லாமல் நடுவில் புடைக்கும். புடைப்பது டயரின் பக்கமாக. பழுது பார்த்த பிறகும் மதிய வெயிலில் மட்டும் உரசும் கார்களில் இதையும் சந்தேகிக்கலாம்.

திருப்பத்தின் கணக்கு

வேறு சில கார்களில் ஸ்டேரிங்கை முழுவதும் திருப்பும்போது மட்டும் உரசும். 185/60ஆர்15 என்ற சாதாரண டயரை எடுத்துக்கொள்வோம். அதன் அகலம் 185 மில்லிமீட்டர், விட்டம் சுமார் 603 மில்லிமீட்டர். சக்கரம் நேராக இருக்கும்போது, அதன் நடுவிலிருந்து உட்பக்கமாக 9 சென்டிமீட்டர் இடமே போதும். 35 டிகிரி திருப்பினால் டயரின் முனை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் வரை உள்ளே போகிறது. கார் தயாரிப்பவர்கள் இதை அளந்துதான் லைனரின் வடிவத்தை அமைக்கிறார்கள். அங்கே மிச்சம் விடும் இடைவெளி அதிகமில்லை.

அந்த இடைவெளியை நாமே தின்றுவிடுவதும் உண்டு. 185-க்குப் பதிலாக 195/60ஆர்15 போட்டால் டயர் இரு பக்கமும் 5 மில்லிமீட்டர் அகலமாகிறது. சுற்றிலும் 6 மில்லிமீட்டர் உயர்கிறது. 6 அங்குல ரிம்மை 7 அங்குலமாக்கி, ஆஃப்செட்டை 45-லிருந்து 35-ஆகக் குறைத்தால், ரிம்மின் வெளி ஓரம் சுமார் 23 மில்லிமீட்டர் வெளியே வந்துவிடும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்படிப்பட்ட கார்களில் லைனர்மீது குற்றமில்லை; எத்தனை கிளிப் மாற்றினாலும் உரசல் போகாது.

உரசினால் என்ன நடக்கும்?

மேலே சொன்ன டயர் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 530 முறை சுழல்கிறது. கோலாலம்பூரிலிருந்து ஈப்போவுக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதாவது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளி ஒரே இடத்தில் தேய்கிறது.

அடுத்தது சூடு. தகடு ஒரு கிலோ எடை அளவுக்கு டயரின்மீது அழுந்தினாலே, 110 கிலோமீட்டர் வேகத்தில் உராய்வால் சுமார் 150 வாட் வெப்பம் பிறக்கும் என்று கணக்கிடலாம். வானொலிப் பெட்டி பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் கருவி 40 அல்லது 60 வாட்தான். டயரில் இந்தச் சூடு சுற்றளவு முழுவதும் பரவிவிடும், காற்றிலும் ஆறும். பிளாஸ்டிக்குக்கோ சூடு ஒரே இடத்தில் விடாமல் ஏறுகிறது. பிளாஸ்டிக் வெப்பத்தைக் கடத்துவதும் மிகக் குறைவு. பாலிபுரொப்பிலீன் 160 டிகிரியைத் தாண்டினால் உருகும். தங்கைக்கு வந்த தீய்ந்த வாடை அதுதான்.

வெறும் பிளாஸ்டிக் மட்டும் தொட்டால் தேய்வது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான். அதனால் பலர் "தானாகத் தேய்ந்து சரியாகிவிடும்" என்று விட்டுவிடுகிறார்கள். ஆபத்து வேறு மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, தகட்டோடு சேர்ந்து தொங்கும் திருகாணியோ உலோகப் பிடியோ டயரை அறுப்பது. இரண்டாவது, தகடு கிழிந்து சக்கரத்தில் சிக்கிச் சுருண்டு, அருகிலுள்ள பிரேக் குழாயையோ ஒயரையோ இழுப்பது. மூன்றாவது, பிய்ந்த தகடு பின்னால் வரும் மோட்டார் சைக்கிளோட்டியின் முன் விழுவது.

டயரின் எந்த இடம் அறுபடுகிறது என்பதும் முக்கியம். சாலையைத் தொடும் பகுதியில் தடித்த ரப்பரும் அதற்கடியில் எஃகுக் கம்பிப் பட்டைகளும் உள்ளன. பக்கச் சுவரில் அந்த எஃகுப் பட்டை இல்லை. மெல்லிய ரப்பருக்குள் துணி இழைகளே காற்றழுத்தத்தைத் தாங்குகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் அந்தச் சுவர் வளைந்து நிமிர்கிறது. தோளிலோ பக்கச் சுவரிலோ ஆழமான வெட்டு இருந்தால் ஒட்டுப்போட்டு ஓட்டக்கூடாது. டயரையே மாற்ற வேண்டும்.

சத்தம் எப்போது வருகிறது?

பட்டறைக்குப் போகும் முன் இதைக் கவனித்துச் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

வேகம் கூடினால் மட்டும் வந்தால்: முன் ஓரத்துக் கிளிப்புகள் கழன்றிருக்கலாம்.

ஸ்டேரிங்கை முழுவதும் திருப்பினால் மட்டும் வந்தால்: தகடு உள்நோக்கி வளைந்திருக்கிறது, அல்லது டயரும் ரிம்மும் பெரிதாக உள்ளன.

பள்ளத்தில் இறங்கினாலோ, நிறைய பேர் ஏறினாலோ மட்டும் வந்தால்: ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

கிளிப் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு பக்கம் மட்டும் உரசினால்: ஸ்பிரிங் முறிந்திருக்கலாம், அல்லது மோதலில் சக்கரமே இடம் நகர்ந்திருக்கலாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டரின் விளிம்பு வரை இரு பக்கமும் அளந்து பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் பட்டறையில் காட்டுங்கள்.

உரசும் இடத்தைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடச் சாக்குக்கட்டி போதும். லைனரின் உட்பக்கத்தைத் துடைத்துக் காயவைத்து, சாக்குக்கட்டியால் நன்றாகத் தேயுங்கள். காலியான கார் நிறுத்துமிடத்தில் மெதுவாக இரு பக்கமும் வளைத்து ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். சாக்கு அழிந்த இடமே உரசும் இடம்.

நாமே சரிசெய்வது எப்படி?

காரைச் சமதளத்தில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, இன்ஜினை அணைத்து, சூடு ஆறும்வரை காத்திருங்கள். ஸ்டேரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பி வைத்தால் சக்கரத்தைக் கழற்றாமலே லைனரின் ஒரு பாதிக்குக் கை போகும். சக்கரத்தைக் கழற்றியே ஆகவேண்டும் என்றால் ஜாக்கை மட்டும் நம்பாதீர்கள். தாங்கு கட்டை வைத்த பிறகுதான் கையை நீட்ட வேண்டும்.

1. முதலில் தண்ணீர் விட்டுச் சேற்றைக் கழுவுங்கள். லைனருக்குப் பின்னால் தங்கிய மண்ணின் பாரமே சில சமயம் தகட்டைக் கீழே இறக்கிவிடும். நார் லைனர் ஈரச் சேற்றை உறிஞ்சி இன்னும் கனமாகும்.

2. கிளிப்புகளை எண்ணுங்கள். மறுபக்கத்து லைனரோடு ஒப்பிட்டால் எத்தனை குறைகிறது என்று தெரிந்துவிடும். பழைய கிளிப் ஒன்றைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள். துளையின் அளவும் தகடுகளின் மொத்தத் தடிமனும் பொருந்த வேண்டும். பெரும்பாலானவற்றில் நடு ஊசியைத் தட்டையான ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் கழன்றுவிடும். சிலவற்றில் ஊசியை உள்ளே அழுத்த வேண்டும். சிலவற்றைத் திருகிக் கழற்ற வேண்டும்.

3. துளை கிழிந்து பெரிதாகியிருந்தால், தலை அகலமான கிளிப்பையோ அகலமான வாஷரையோ பயன்படுத்துங்கள். கூர்முனைத் திருகாணியை நீளமாக இறக்காதீர்கள். பின்னால் ஒயரோ, கண்ணாடி கழுவும் தண்ணீர்த் தொட்டியோ இருக்கலாம்.

4. வடிவம் மாறிப் புடைத்திருந்தால், கூந்தல் உலர்த்தும் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, கையுறை அணிந்து மேலே தள்ளி, ஆறும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். சூட்டோடு கையை எடுத்தால் பழையபடி இறங்கிவிடும். பட்டறையின் வெப்பக்காற்றுத் துப்பாக்கி 500 டிகிரிக்கு மேல் போகக்கூடியது. ஒரு கணம் ஓரிடத்தில் நின்றாலும் ஓட்டை விழும். நார் லைனரில் இந்த முறை வேண்டாம்.

5. வேலை முடிந்ததும் தகட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். டயரைத் தொடக்கூடாது, ஆனால் நீள்வட்டத் துளைகளில் சற்றே நகர வேண்டும். பிறகு ஸ்டேரிங்கை இரு பக்கமும் முழுவதும் திருப்பி, இடைவெளியில் ஒரு விரலாவது தாராளமாக நுழைகிறதா என்று பாருங்கள். கடைசியாக, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சாக்குக்கட்டிச் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.

பசை ஏன் ஒட்டாது?

விரிசல் விட்ட லைனரைச் சூப்பர் குளூவால் ஒட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மறுநாளே பிரிந்துவிடும். காரணம் பசையின் தரமல்ல. ஒரு திரவம் ஒரு பரப்பில் ஒட்ட வேண்டுமானால் அது முதலில் பரவ வேண்டும். பாலிபுரொப்பிலீனின் மேற்பரப்பு மிகக் குறைந்த ஆற்றல் உள்ளது. வாழையிலையில் விழுந்த நீர்த்துளிபோல், திரவம் அதில் பரவாமல் திரண்டு நிற்கும். உங்கள் லைனரின் பின்பக்கம் 'பி.பி.' அல்லது 'பி.இ.' என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் சாதாரணப் பசையை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். ஒட்டும் பட்டையும் மழையில் நிற்காது.

இதற்குத் தையல்தான் சரி. முதலில் விரிசல் முடியும் நுனியில் 4 மில்லிமீட்டர் அளவில் ஒரு வட்டத் துளை போடுங்கள். விரிசலை நிறுத்த ஓட்டை போடுவதா என்று தோன்றும். 1913-இல் இங்கிலாந்துப் பொறியாளர் சார்லஸ் இங்லிஸ் கப்பல் தகடுகளைப் பற்றி ஆராய்ந்தபோது, விரிசலின் நுனி எவ்வளவு கூர்மையோ அவ்வளவு அதிகமாக விசை அங்கே குவிகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். அவருடைய சூத்திரப்படி, 4 சென்டிமீட்டர் விரிசலின் நுனி முடிபோல் மெல்லியதாக இருந்தால் விசை 40 மடங்குவரை குவியலாம். அதே நுனியில் 4 மில்லிமீட்டர் துளை போட்டால் அது 7 மடங்கு அளவுக்கு இறங்கிவிடும். விரிசல் அங்கேயே நிற்கும்.

பிறகு விரிசலின் இரு பக்கமும் ஓரத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிச் சோடி சோடியாகத் துளையிட்டு, நைலான் பட்டையால் கட்டி இறுக்குங்கள். முடிச்சுத் தலை வண்டியின் உடம்புப் பக்கம் இருக்க வேண்டும். டயரின் பக்கம் இருந்தால் புது உரசல் தொடங்கும். கறுப்புப் பட்டையாக வாங்குங்கள். அதில் கலந்துள்ள கரித்தூள் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும். வெள்ளைப் பட்டை சீக்கிரம் நொறுங்கும். தகடு பல இடங்களில் கிழிந்திருந்தால் தைத்துக்கொண்டிருக்காமல் புதிது வாங்கிவிடுவது நல்லது.

வழியில் சத்தம் கேட்டால்

பதற வேண்டாம். வேகத்தை மெல்லக் குறைத்து இடது பாதையில் வாருங்கள். அவசரத் தடத்தில் நின்றுகொண்டு சக்கரத்தின் பக்கம் குனிவது ஆபத்து. முடிந்தவரை ஓய்வுத்தளத்துக்கோ எண்ணெய் நிலையத்துக்கோ போய்விடுங்கள். தொங்கும் தகட்டைப் பட்டையால் தூக்கிக் கட்டுங்கள். டயரைக் கையால் தடவிப் பாருங்கள். சக்கரத்தைச் சற்று நகர்த்தி முழுச் சுற்றும் பார்ப்பது அவசியம். இழை தெரியும் அளவுக்கு வெட்டோ, பக்கச் சுவரில் புடைப்போ இருந்தால் அந்த டயரில் மேற்கொண்டு ஓட்டாதீர்கள். நாலைந்து நைலான் பட்டைகளும் ஒரு சிறு கத்தரியும் காரில் கிடக்கட்டும்.

ஈப்போவில் தெரிந்த போமனிடம் காரைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "முன்னால ஆறு கிளிப் இருக்கணும்ண்ணே. ரெண்டுதான் இருக்கு. இந்தக் காடி எங்கேயோ முட்டியிருக்கு, இல்லையா?"

வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன் பேரங்காடியில் காரை நிறுத்தியபோது, முன்னாலிருந்த சிமென்டுத் தடுப்பின்மீது பம்பர் ஏறியது. பின்னால் எடுத்தபோது 'படக்' என்று ஏதோ பிய்ந்த சத்தம் எனக்கும் கேட்டது. இறங்கி, வெளியே கீறல் இல்லை என்று பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். குனிந்து உள்ளே பார்க்கவில்லை.

நான்கு கிளிப்புகளுக்கு ஆன செலவு பத்து வெள்ளிகூட இல்லை. டயருக்கு ஆனது அதைப்போல் பல மடங்கு. தீபாவளி முடிந்து திரும்பும்போது 110 வரை போய்ப் பார்த்தேன். சத்தம் இல்லை. பின்னால் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. இப்போதெல்லாம் காரில் புதிதாக ஏதாவது சத்தம் கேட்டால் முதல் வேலையாக வானொலியைக் குறைக்கிறேன்.